பூட்டக்காவும் ஏழாம் பகுதி வம்பனும்

கட்டுப்பாட்டு அறையில் என் அண்ணிக்குப் பெயர் பூட்டக்கா. அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை. நான்தான் வைத்தேன் என்று வீட்டில் இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு. அது ஆறிவிடாமல் என் அண்ணன் வேண்டுமென்றே அவ்வப்போது ஊதிவிடுகிறான்.

துகள் முடுக்கி என்றதும் வானத்துக்குப் போகிற சாமான் என்று நினைப்பவர்கள் என் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள். எங்களுடையது எங்கேயும் போகாது. பெரிய வட்டக் கட்டடம், அதற்குள் ஒரு சுரங்கப்பாதை, பாதை நெடுக மணிக்கட்டு கனத்தில் ஓர் உலோகக் குழாய். குழாய்க்குள் காற்றுகூடக் கிடையாது. அந்த வெறுமையில் எலக்ட்ரான்கள் தலைமுடியைவிட மெல்லிய கற்றையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் ஒளியைச் சிந்தும். அந்த ஒளிக்காகத்தான் இத்தனை பாடும். மருந்து ஆராய்கிறவர்கள், உலோகம் ஆராய்கிறவர்கள் என்று ஆளாளுக்கு வளையத்தைச் சுற்றி அறை பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். கற்றை நடுக்கோட்டை விட்டு இம்மி நகர்ந்தாலும் எங்கள் மேஜையில் ஃபோன் அலறும்.

கற்றையை நடுக்கோட்டில் பிடித்துவைக்கிற கணினி மூளையை வடிவமைத்தவர் அண்ணி. எப்போது எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வதும் அதே மூளைதான். நான் வெறும் இயக்குநர், பொத்தானை அமுக்குகிறவன். வடிவமைக்கிறவர்களுக்கும் இயக்குகிறவர்களுக்கும் உலகத்தில் எங்கேயும் ஆகாது. பாதுகாப்புக்கென்று அவர்கள் போடுகிற பூட்டையெல்லாம் திறந்து திறந்து எங்கள் கை தேய்கிறது. அதுவும் அண்ணி போட்ட பூட்டு என்றால் சாமான்யத்தில் திறக்காது. சுரங்கக் கதவு சாத்தியிருந்தால் மட்டும் போதாது, உள்ளே ஒருவர் போய் மூலைமுடுக்கெல்லாம் பார்த்து, வழியில் இருக்கிற பொத்தான்களை வரிசை மாறாமல் அமுக்கிவிட்டு வந்திருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் முதலிலிருந்து நடக்க வேண்டும். நான் நடந்திருக்கிறேன், திட்டிக்கொண்டே.

இப்படிப்பட்டவர் வீட்டில் எதையும் பூட்ட மாட்டார் என்பதுதான் வேடிக்கை. அலமாரி திறந்து கிடக்கும், கார்க் கதவைச் சாத்தினாரா என்பது காருக்கே தெரியாது. அண்ணன் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவன், சுபாவத்திலேயே அவசரமில்லாத ஆள். அவர் திறந்துபோட்டதையெல்லாம் பின்னாலேயே போய்ச் சாத்திக்கொண்டு இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறான்.

அண்ணியின் முதல் ஆராய்ச்சி லிஃப்டில் நடந்தது. பள்ளிக்கூட வயதில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் ஒரு பழைய லிஃப்ட். மேலே ஒருவர் கூப்பிட்டு, கீழேயும் ஒருவர் கூப்பிட்டால் அது யார் பேச்சை முதலில் கேட்கும்? இதைத் தெரிந்துகொள்ள ஒரு மத்தியானம் முழுக்க எல்லா மாடியிலும் ஏறி இறங்கிப் பொத்தான்களை அமுக்கிப் பார்த்திருக்கிறார். கடைசியில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே பக்கத்து வீட்டு மாமாவோடு. மாமா கத்திக் கூப்பாடு போட, இவர் மட்டும், “மாமா, இப்ப அது நம்மள மறந்துடுச்சா, இல்ல யோசிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?” என்று கேட்டாராம். வெளியே வந்ததும் அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்வியை விடவில்லை. படித்து முடித்து ஒரு காகித ஆலையில் கொஞ்ச காலம், பிறகு எங்கள் வளையம் என்று, வாழ்க்கை முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருப்பது அதே கேள்விதான். இயந்திரம் என்ன நினைக்கிறது, அது நமக்கு எப்படித் தெரியும்?

நான் வேலைக்கு வந்தது அவரால்தான் என்று பேசுகிறவர்கள் உண்டு. என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது கேள்வி கேட்கிறவர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் இருந்திருந்தால் ஒரு புன்னகையாவது கிடைத்திருக்கும்.

நான் சொல்ல வந்தது வம்பன் கதை. குழாய் நெடுக நூற்றுச் சில்லறை சென்சார்கள் இருக்கின்றன. கற்றை நடுக்கோட்டில் இருக்கிறதா, மேலே போயிருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நடுவில் இருந்தால் எங்கள் சுவர்த்திரையில் அதற்குப் பச்சை விளக்கு. விலகினால் மஞ்சள், மிஞ்சினால் சிவப்பு. சிவப்பு வந்தால் அண்ணியின் மூளை கண்ணிமைப்பதற்குள் கற்றையைக் கொட்டி நிறுத்திவிடும். ஏனென்றால் வழி தவறிய கற்றை குழாய்ச் சுவரில் விழுந்தால் ஓட்டை போட்டுவிடும்.

இதில் அண்ணி வைத்த விதிதான் எங்களுக்கெல்லாம் எரிச்சல். ஒரே ஒரு சென்சார் சிவப்புக் காட்டினாலும் நிறுத்த வேண்டும், மற்ற அத்தனையும் பச்சையாக இருந்தாலும் சரி. வேறு இடங்களில் மூன்றுக்கு இரண்டு சொன்னால்தான் கேட்பார்கள். நான் அதைச் சொல்லி வம்புக்கு இழுத்தபோது, “ஓட்டுப் போட்டு உண்மையக் கண்டுபிடிக்க முடியாது தம்பி” என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார்.

அந்த வருஷம் ஏழாம் பகுதியில் இருந்த ஒரு சென்சார் அடிக்கடி சிவப்புக் காட்ட ஆரம்பித்தது. அதுவும் மத்தியானத்தில், எல்லோரும் வேலையில் மூழ்கியிருக்கிற நேரமாகப் பார்த்து. கற்றை போய்விடும். திரும்ப நிரப்பி ஓடவிடுவதற்குள் அரை மத்தியானம் போய்விடும். பக்கத்துச் சென்சார்களைப் பார்த்தால் அத்தனையும் சமர்த்தாகப் பச்சை. நாங்கள் அதற்கு வம்பன் என்று பெயர் வைத்தோம். இந்தப் பெயரை வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இது எந்தச் சமயத்தில் நடந்தது என்பதுதான் விஷயம். வேறோர் ஊரில் எங்களுடையதைப்போலப் பல மடங்கு பெரிய வளையம் ஒன்று கட்டப்போகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. அதன் மூளையை யார் வடிவமைப்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு குழு, இடம் இடமாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் எங்களிடம் வருவதாக இருந்தார்கள். அண்ணி இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் கைத்துடைப்பான் காகிதத்தில் அந்தப் பெரிய வளையத்தை வரைந்து வரைந்து பார்ப்பார். அண்ணன் சொல்வான், “பூகோள வாத்தியார் நானு. வீட்ல வட்டம் போடறது நீ.”

எங்கள் துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. கூட்டத்தில் யார் மனசும் நோகக்கூடாது என்று நினைக்கிற மனிதர், அதனாலேயே எல்லோரையும் படுத்துகிறவர். அவர் அண்ணியைக் கூப்பிட்டுப் பேசியபோது நானும் அறையில் இருந்தேன்.

“ஏம்மா, குழு வர்ற நேரத்துல இது இப்படிக் கவுத்துதே. அந்த ஒரு சென்சார் சொல்றத மட்டும் கேக்காம பைபாஸ் பண்ணி வையேன். அவங்க போனப்புறம் என்ன ஏதுன்னு நிதானமாப் பாத்துக்கலாம்.”

“அது ஏன் அப்படிச் சொல்லுதுன்னு தெரியலயே சார்.”

“பழுது. வேறென்ன? அத்தன பேரு பச்சைங்கறான், இவன் ஒருத்தன் மட்டும் சிவப்புங்கறான்.”

“பழுதுன்னா எங்க பழுதுன்னு காட்டுங்க, நானே கழட்டிப் போட்டுடறேன்.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். குழு வருகிறவரைக்கும் தேடிப் பார்ப்பது, கிடைக்காவிட்டால் பைபாஸ் என்று பேசி முடித்தார்கள்.

அப்புறம் அண்ணி தேடினார் பாருங்கள். முதலில் வம்பனின் மின்னணுப் பெட்டியைக் கழற்றி, பக்கத்தில் இருந்த சமர்த்துச் சென்சாரின் பெட்டியை மாட்டினார். வம்பன் வம்பனாகவே இருந்தது. கேபிளை மாற்றினார். அதற்கும் மசியவில்லை. குழாயே அசைகிறதோ என்று சந்தேகம் வந்து, சுரங்கத்துக்குள் போய்க் குழாயோடு ஒரு அளவுமானியைக் கட்டிவிட்டு வந்தார். முள் ஆடவே இல்லை. குளிர்விக்கிற தண்ணீர், வெளியே போகிற லாரி, பக்கத்துக் கட்டடத்துப் பாரம்தூக்கி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அண்ணன் எதிரே பேசிக்கொண்டிருப்பான், இவர் பார்வை சுவரைத் தாண்டி எங்கேயோ இருக்கும். “நான் சொன்னது காதுல விழுந்துச்சா?” என்பான். “விழுந்துச்சுங்க” என்பார். என்ன சொன்னேன் என்று கேட்டால் மாட்டிக்கொள்வார்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஒரு நாள் கேன்டீனில் டீக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

“அண்ணி, ஒரு சென்சாருக்காக அந்தப் பெரிய வேலையவே கோட்டை விடப்போறீங்களா? ஊர் பூரா பச்சைன்னு சொல்லுது.”

அவர் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, “ஊர் பூரா ஏன் பச்சைன்னு சொல்லுது?” என்றார்.

“பீம் நடுவுல இருக்கு. அதான்.” பேச்சில் நாங்கள் கற்றையை அப்படித்தான் சொல்வோம்.

“இல்ல தம்பி. நாமதானே அவங்கள அப்படிச் சொல்ல வைக்கறோம்.”

டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவர் நினைத்தது என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அண்ணி பெயர் வாங்கியதே ஒரு விஷயத்தால்தான். அதை நாங்கள் ‘ஆட்டோ’ என்போம். சென்சார்கள் சொல்வதை ஆட்டோ ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று ‘கற்றை மேலே போச்சு’ என்றால், அங்கங்கே இருக்கிற குட்டிக் காந்தங்களைத் திருகிக் கற்றையைக் கீழே தள்ளும். அந்தச் சென்சார் ‘இப்போ சரி’ என்று சொல்கிறவரை விடாது. அதுவும் மற்றச் சென்சார்களுக்குத் துளி இடைஞ்சல் இல்லாமல். எங்கள் சுவர்த்திரை வருஷக்கணக்காகப் பச்சையாக இருந்தது இந்த ஆட்டோவால்தான். எத்தனையோ இடங்களில் இருந்து வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, ஒரு சென்சார் பொய் சொன்னால்? கற்றை நடுவிலேயே இருக்கிறது, ஆனால் இது ‘மேலே போச்சு’ என்கிறது. ஆட்டோ அதை நம்பிக் கற்றையைக் கீழே தள்ளும். பொய்க்குச் சமமாகத் தள்ளியதும் சென்சார் பச்சைக்கு வந்துவிடும். எடையைக் கூட்டிக் காட்டுகிற மிஷினை நம்பிப் பட்டினி கிடக்கிறவன் கதைதான். மிஷின் சரியான எடையைக் காட்டும்போது ஆள் துரும்பாகியிருப்பான். மிஷினைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், பேண்ட்தான் இடுப்பில் நிற்காது.

வம்பன் மட்டும் ஆட்டோவில் சேரவில்லை. வளையம் முதலில் ஓட ஆரம்பித்த காலத்தில் அதன் அருகே ஒரு பம்பு அதிர்ந்துகொண்டிருந்தது. அதனால் இது சொல்வதை ஆட்டோ கேட்க வேண்டாம் என்று எடுத்துவிட்டிருந்தார்கள். பிறகு பம்பு மாறியது, திரும்பச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பூட்டில் மட்டும் அது இருந்தது, அதாவது அது சொன்னால் கற்றை நிற்கும். ஆனால் அதைச் சமாதானப்படுத்த யாரும் எந்தக் காந்தத்தையும் திருகவில்லை. அந்தப் பகுதியில் கற்றை நிஜமாக எங்கே இருக்கிறது என்று சொல்ல அது ஒன்றுதான் மிச்சம்.

“ஆட்டோவ அணைச்சுட்டுக் கையாலயே ஓட்டறியா?” என்றார் அண்ணி கட்டுப்பாட்டு அறைக்கு வந்ததும்.

“மத்தியானம் முழுக்கவா?”

“வம்பு வர்ற வரைக்கும்.”

கையால் கற்றையைப் பிடிப்பது என்பது ஓடுகிற குழந்தையைத் தொடாமல், ஊதி ஊதியே வழியில் நடத்துகிற மாதிரி. நான் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஆட்டோ அணைந்ததும் திரையில் மஞ்சள் பூத்தது. அங்கே கொஞ்சம் மேலே, இங்கே கொஞ்சம் கீழே. பெரிய நகர்வுகளை மட்டும் நான் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தேன். அண்ணி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே இருந்தார், உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை.

வழக்கமாக வம்பு வருகிற நேரம் வந்தது. வம்பன் அசையவில்லை. ஆணி அடித்த மாதிரி நடுக்கோட்டில் நின்றது. அதற்கு அடுத்ததாக இருந்த ஒரு சென்சார், வருஷக்கணக்காக ஒரு நாளும் பச்சையை விட்டு இறங்காத நல்லபிள்ளை, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற ஆரம்பித்தது. மஞ்சளாகி இன்னும் ஏறியது.

“தொடாத” என்றார் அண்ணி. குரல் மாறியிருந்தது. “தொடாத தம்பி, அது போகட்டும். எவ்வளவு தூரம் போகுதுன்னு பாப்போம்.”

பழைய பதிவுகளைத் திறந்தோம். சென்சார்கள் சொன்னதை எல்லோரும் எப்போதும் பார்க்கிறோம், அவற்றைப் பச்சையாக வைக்கக் காந்தங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டன என்பதை யாரும் பார்ப்பதில்லை. எல்லாம் பச்சையாக இருக்கும்போது அதை ஏன் பார்ப்பானேன்! நல்லபிள்ளையின் பக்கத்தில் இருந்த காந்தங்கள் மாதக்கணக்காக மத்தியானத்துக்கு மத்தியானம் மூச்சுத் திணறியிருக்கின்றன. அண்ணி திரையில் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். ரசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தன் சொந்தக் குழந்தையின் திருட்டைக் கண்டுபிடித்த தாய்க்கு அந்த முகம் வரக்கூடாது. ஆனால் வந்தது.

காரணம் கடைசியில் ஒன்றுமில்லாத விஷயம். மின்னணுப் பெட்டிகள் இருக்கிற அறையில் புதிதாக ஒரு ஏசி மாட்டியிருந்தார்கள். வெயில் ஏறியதும் அது முழு மூச்சில் ஓடும். அதன் காற்று நல்லபிள்ளையின் கேபிள் முனையில் நேராக அடித்தது. அந்த முனை சரியாக முறுக்கப்படாமல் இருந்ததால் குளிர்ந்ததும் லேசாக விலகியது, கற்றை மேலே போனதாக நல்லபிள்ளை பொய் சொன்னது. அண்ணி விரலால் முறுக்கினார், முடிந்தது. மறுநாள் ஆட்டோவோடு ஓட்டினோம், வம்பன் வாயே திறக்கவில்லை.

தலைவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. “கேபிள்தானா? அட! அப்ப முடிஞ்சுதும்மா. குழு கேட்டா, ஒரு கேபிள் லூசா இருந்துச்சு, கண்டுபிடிச்சுட்டோம், அவ்வளவுதான்.”

அன்று சாயங்காலம் காரில் நான்தான் அண்ணியோடு போனேன். சிக்னலில் நின்றபோது சொன்னார்.

“கேபிள்னு சொன்னா பொய் இல்ல தம்பி.”

“இல்லவே இல்ல. கேபிள்தானே?”

“அது பொய் இல்லங்கறதுதான் கஷ்டமா இருக்கு.” பச்சை விழுந்தது. அவர் நகரவில்லை, பின்னால் ஹார்ன் அடித்தார்கள். “நான் கட்டுன ஆட்டோ பொய்ய அழகா மறைக்குது. எத்தன பொய் மறைஞ்சிருக்கோ, எனக்கே தெரியல. இதையேதான் பெரிய வளையத்துக்கும் வாங்கிட்டுப் போகப்போறாங்க. அங்க வம்பன்னு ஒருத்தன் இருக்கமாட்டான். நான் எல்லா சென்சாரையும் ஆட்டோவுல சேத்துத்தான் டிசைன் போட்டிருக்கேன்.”

“அத நீங்க அங்க போய் மாத்திக்கலாமே. மொதல்ல வேலை கைக்கு வரட்டும்.”

அவர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஆனால் சொன்னதில் எனக்கு வெட்கமில்லை. என் அண்ணி அந்த வேலைக்கு எவ்வளவு ஏங்கினார் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் முதல் வேலையாக அண்ணி உலோகம் ஆராய்கிற ஒருவரின் அறைக்குப் போனார். ஏழாம் பகுதியின் ஒளி அவருக்குத்தான் போகிறது. சாம்பிள் நகர்கிறது, நகர்கிறது என்று அவர் கரடியாகக் கத்திக்கொண்டிருந்தார், திரை பச்சையாக இருக்கிறது என்று நாங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். “உங்க மேஜை ஆடல. எங்க பீம்தான் ஆடிச்சு. இத்தன மாசமா நீங்க அளந்தத மறுபடியும் அளக்கணும்” என்று அண்ணி நின்றுகொண்டே சொன்னாராம். அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

குழு வந்தது. தலைமை தாங்கியவர் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள், அதிகம் பேசாதவர். கட்டுப்பாட்டு அறையில் சுவர் முழுக்கப் பச்சை. குழுவில் வந்தவர்கள் அதைப் பார்த்து ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டார்கள். எங்கள் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர்போல நின்றிருந்தார்.

“ஒண்ணு காட்டணும்” என்றார் அண்ணி. என்னிடம் வந்து, வம்பனுக்குப் பக்கத்துச் சென்சார் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் வாயில் ஒரு பொய்யைப் போடச் சொன்னார். அது சொல்கிற எண்ணோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போ என்றார். தலைவரைப் பார்த்தேன், அவருக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. கூட்டினேன்.

பச்சை மாறவில்லை. இன்னும் கூட்டினேன். சுவரில் அத்தனையும் பச்சை. “இப்ப பீம் எங்க இருக்குன்னு சொல்லுங்க” என்றார் அண்ணி குழுவைப் பார்த்து. “நடுவுல” என்றார் ஒருவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் வம்பன் ஒற்றையாகச் சிவந்தது. கற்றை போய்விட்டது.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். ஏசி, கேபிள், உலோகக்காரரின் வீணான மாதங்கள், தான் கட்டிய ஆட்டோவுக்குத் தன் கண்ணையே மறைக்கத் தெரியும் என்பது வரைக்கும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை, தன்னைத்தானே அடித்துக்கொண்டு நாடகமும் ஆடவில்லை.

குழுத் தலைவி அம்மாள் கேட்டார், “இப்ப இந்த வளையத்துல இதே மாதிரி வேற பொய் இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா?”

“முடியாது.”

“அப்ப உங்க டிசைன நாங்க எப்படி எடுத்துக்கறது?”

“இப்படியே எடுத்துக்காதீங்க” என்றார் அண்ணி.

எங்கள் தலைவரின் கட்டிய கை கீழே விழுந்தது. எனக்கு அங்கேயே கத்த வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கத்தினேன். அவன் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டே, “அவ அப்படித்தான்டா. நான் கட்டிக்கிட்டதே அதுக்குத்தான்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனைத் திட்டவும் முடியாமல் போயிற்று.

கொஞ்ச நாள் எந்தத் தகவலும் இல்லை. பெரிய வளையத்தின் மூளையை வேறு ஆட்கள் வடிவமைக்கிறார்கள் என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. அண்ணி வழக்கம்போல வந்தார், போனார், கார்க் கதவைச் சாத்த மறந்தார். சாப்பாட்டு மேஜையில் வட்டம் வரைவது மட்டும் நின்றுபோயிருந்தது.

ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஃபோன் வந்தது. அந்த அம்மாள்தான். அண்ணியின் கை எச்சிலாக இருந்ததால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான்.

“டிசைன் எங்க ஆளுங்க பண்றாங்க. அது முடிவாயிடுச்சு” என்றார் அம்மாள். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. “நீங்க அதச் சோதிக்கற ஆளா வரணும். அவங்க குழுவுல சேராம, தனியா.”

அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் கட்டறதுக்குத்தான் ஆசப்பட்டேன்.”

“தெரியும்.”

பிறகு அண்ணி கேட்டார், “எனக்குச் சரியாப் படலன்னு நான் சொன்னா வேலை நிக்குமா?”

“குழு கூடிப் பேசும். பெரும்பாலானவங்க ஒத்துக்கிட்டா நிக்கும்.”

“அப்ப நான் வேண்டாங்க. நான் ஒருத்தி சொன்னா நிக்கணும். மத்த அத்தன பேரும் சரின்னு சொன்னாலும் நிக்கணும். ஏன் சொன்னேன்னு கண்டுபிடிச்சப்புறம்தான் திரும்ப ஓடணும்.”

“அது ரொம்பப் பெரிய நிபந்தனை.”

“ஆமாங்க” என்று சொல்லிச் சுண்டுவிரலால் ஃபோனை அணைத்துவிட்டார்.

“வாசல் வரைக்கும் வந்தத இப்படியா தொரத்துவாங்க?” என்று அண்ணன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். அண்ணி பாட்டுக்குச் சாப்பிட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனேன், ஃபோன் திரும்ப அடித்தது.

“எழுதிக் குடுக்கறோம்” என்றார் அம்மாள். “நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும்னு. என்னோட ஆளுங்க என்னைத் திட்டுவாங்க, திட்டிட்டுப் போகட்டும். வர்றீங்களா?”

“வர்றேன்” என்றார் அண்ணி.

ஃபோன் அணைந்ததும் அவர் முகம் கோணிப்போயிற்று. இருபது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. “நான் கட்டணும்னுதாங்க நெனச்சேன்” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் குழந்தைபோல அழுதார். “ஒரு தடவ அத்தாம் பெருசா ஒண்ண நானே கட்டிப் பாக்கணும்னு. இப்ப யாரோ கட்டறாங்க.” அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் முதுகில் கை வைத்தான். எனக்கு அந்த யாரோமேல் ஆத்திரமாக வந்தது. முகம் தெரியாத அவர்கள் என்ன பாவம் செய்தார்கள், ஆனாலும் வந்தது.

அழுகை நிற்பதற்கு முன்பே அண்ணி திடீரென்று நிமிர்ந்து, “ஐயோ, கேக்க மறந்துட்டேன்” என்றார். அதே எச்சில் கையோடு ஃபோனை எடுத்து அந்த அம்மாளையே திரும்பக் கூப்பிட்டார். “மன்னிச்சுக்குங்க, ஒண்ணே ஒண்ணு. உங்க ஆளுங்க அவங்க ஆட்டோவுல சேக்காம எத்தன சென்சார வெளிய விட்டிருக்காங்க?”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாள், “ஒண்ணயும் விடலன்னு நெனக்கறேன்” என்றார்.

“அப்ப வேலைய நிறுத்தச் சொல்லுங்க” என்றார் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.